சாதாரண ஷூ போலவே இருக்கும் பேர்ஃபுட் ஷூ: வாங்குவோரும் போடுவோரும் செய்யும் தவறுகள்

வெறுங்காலில் நடப்பது போலவே இருக்கும்படி, தட்டையாகவும் மெல்லியதாகவும் செய்த ஷூவுக்குத்தான் பேர்ஃபுட் ஷூ என்று பெயர். அதைச் சொன்னதும் பலருக்கு நினைவு வருவது, விரல் விரலாகப் பிரிந்து தவளைக்கால் மாதிரி இருக்கும் அந்த ரப்பர் உறைதான். இத்தாலியின் விப்ரம் நிறுவனம் 2000-களின் நடுவில் கொண்டுவந்த ஃபைவ்ஃபிங்கர்ஸ் அது. அதைப் போட்டுக்கொண்டு ஆபீசுக்கோ கல்யாண வீட்டுக்கோ போனால், பேச்சு முழுக்க நம் காலைப் பற்றியே இருக்கும். இன்று நிலைமை வேறு. கயிறு கட்டும் ஃபார்மல் ஷூவான டெர்பி, லோஃபர், செல்சீ பூட், வெள்ளை ஸ்னீக்கர் எல்லாவற்றிலும் பேர்ஃபுட் வகை வந்துவிட்டது. பக்கத்து சீட்டுக்காரர் குனிந்து பார்த்தால்கூட வித்தியாசம் கண்டுபிடிக்க மாட்டார்.

தொல்லையும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. அடுத்தவர் கண்ணுக்குத் தெரியக் கூடாதென்று செய்த ஷூ, போட்டிருக்கிற நமக்கே அதை மறக்கடித்துவிடுகிறது. விரல் ஷூ போட்டவருக்கு, ஏதோ வித்தியாசமான ஒன்றை மாட்டியிருக்கிறோம் என்ற ஞாபகம் அடிக்கடி வரும். கறுப்பு டெர்பி போட்டவர் அதை வெறும் கறுப்பு டெர்பியாகவே எடுத்துக்கொள்கிறார். பழைய சைஸிலேயே வாங்குகிறார், முதல் நாளே பத்து மணி நேரம் போடுகிறார், பழையபடியே குதியை ஓங்கி ஊன்றி நடக்கிறார். நான் பார்த்த தவறுகளில் பாதிக்கு மேல், நான் செய்தவையும் சேர்த்துத்தான், இந்த மறதியில் பிறந்தவை.

தட்டையாக இருந்தால் போதுமா?

பேர்ஃபுட் என்று சொல்ல மூன்று குணம் வேண்டும். குதியும் முன்பாதமும் தரையிலிருந்து ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். இதைத்தான் ஸீரோ டிராப் என்கிறார்கள். சோல் மெல்லியதாக, பெரும்பாலும் 10 மில்லிமீட்டருக்குள், கையாலேயே சுருட்டும் அளவுக்கு வளைய வேண்டும். மூன்றாவதாக, விரல்கள் விரிந்து உட்கார முன்பக்கத்தில் இடம் வேண்டும். முதல் இரண்டையும் பார்த்துவிட்டு மூன்றாவதைக் கோட்டை விடுபவர்கள்தான் அதிகம்.

பெண்கள் போடும் பாலே ஃப்ளாட் தட்டை, மெலிசு, நன்றாக வளையும். ஆனால் முன்பக்கம் குவிந்து கட்டைவிரலை உள்பக்கமாகத் தள்ளுகிறது. நாம் பள்ளிக்கூடத்தில் போட்ட கான்வாஸ் ஷூவும் ஏறக்குறைய அதே கதைதான். “அப்போ நம்ம ஹவாய் செருப்பே போதுமே” என்று ஒரு கேள்வி எப்போதும் வரும். பாதி சரி. அது தட்டை, விரல்களுக்கும் சுதந்திரம். ஆனால் குதியைப் பிடித்துக்கொள்ள அதில் எதுவும் இல்லாததால், கழன்று போகாமலிருக்க விரல்கள் ஒவ்வோர் அடிக்கும் வாரை இறுக்கிக்கொண்டே இருக்கின்றன. வேகமாக நடக்கும்போது கவனித்தால் தெரியும்.

சாதாரண ஷூவின் தோற்றம் எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால் இந்தத் தவறில் விழ மாட்டீர்கள். ஷூ தைப்பவர்கள் தோலை ஒரு அச்சின்மேல் இழுத்துக் கட்டித்தான் உருவம் கொண்டுவருவார்கள். லாஸ்ட் என்பது அதன் பெயர். ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் ஷூ கம்பெனியில் வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வழக்கமான லாஸ்ட் விரல்களின் அடிப்பகுதியில் அகலமாக இருந்து, நுனிக்குப் போகப் போக நடுவை நோக்கிக் குறுகும். செருப்பே போடாமல் வளர்ந்த கால் அப்படி இருக்காது. விரல் நுனிகளில்தான் அது விரிந்திருக்கும். பேர்ஃபுட் லாஸ்ட் இந்தக் காலைப் பின்பற்றுவதால், மேலிருந்து பார்த்தால் ஷூ கொஞ்சம் வாத்துக்கால் மாதிரிதான் தெரியும். அதை மறைக்க வடிவமைப்பாளர்கள் சில வேலைகள் செய்கிறார்கள். ஷூவின் மேற்புறத்தில், விளிம்பிலிருந்து உள்தள்ளி ஒரு தையல் ஓட்டுவார்கள். கண் அந்தத் தையலைத்தான் ஷூவின் எல்லையாக எடுத்துக்கொள்ளும். கறுப்பு, அடர்ந்த பழுப்பு போன்ற நிறங்களும் அகலத்தை விழுங்கிவிடும்.

இது நேர்மையான மறைப்பு. இன்னொரு வழியும் உண்டு: சத்தமில்லாமல் முன்பக்கத்தைக் குறுக்கிவிட்டு, பேர்ஃபுட் என்ற பெயரை மட்டும் வைத்துக்கொள்வது. ஆன்லைனில் பக்கவாட்டுப் படத்தை மட்டும் பார்த்து, “அட, இது அப்படியே ஃபார்மல் ஷூ மாதிரியே இருக்கே” என்று ஆசைப்பட்டு வாங்கினால் இதில்தான் போய் மாட்டுவோம். நேர் மேலிருந்து எடுத்த படத்தையும், அடிப்பாகத்தின் படத்தையும் பாருங்கள். சுண்டுவிரல் பக்கம் சட்டென்று உள்ளே வளைந்தால் விட்டுவிடுங்கள்.

சைஸ் விஷயம்

“நான் எப்பவும் 8 நம்பர்தான்” என்பது இங்கே உதவாது. சாயங்காலம், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், ஒரு தாளின்மேல் எழுந்து நின்று, பென்சிலைச் செங்குத்தாகப் பிடித்து இரண்டு கால்களையும் வரையுங்கள். நிற்பது முக்கியம்; உட்கார்ந்து வரைந்தால் பாதம் முழுதாக விரியாது. குதியிலிருந்து மிக நீண்ட விரல்வரை அளந்து, பெரிய காலின் அளவோடு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். இரண்டாவது விரல் கட்டைவிரலைவிட நீளமாக உள்ளவர்கள் அந்த விரலைக் கணக்கில் எடுக்க வேண்டும். ஷூ கைக்கு வந்ததும் இன்சோலை வெளியே எடுத்துத் தரையில் போட்டு அதன்மேல் நில்லுங்கள். ஏதாவது ஒரு விரல் வெளியே வழிந்தால் அந்த ஷூ உங்களுக்கானதில்லை. “போடப் போட விட்டுக்கொடுத்துடும்” என்று கடைக்காரர் சொல்லலாம். தோல் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், உண்மைதான். அடியில் இருக்கும் சோல் விட்டுக்கொடுக்காது.

நீளம் போதவில்லை என்று நினைத்து இரண்டு சைஸ் பெரிதாக வாங்குவதும் நடக்கிறது. உண்மையில் போதாமல் இருந்தது அகலம். விளைவு, குதி கழன்று கழன்று உரசிப் புண்ணாகும்.

முதல் நாளே முழு நாள்

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வழக்கமான ஃபார்மல் ஷூவின் குதி இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் உயரம். ஓட்ட ஷூக்களில் குதிக்கும் முன்பாதத்துக்கும் இடையே பெரும்பாலும் 8 முதல் 12 மில்லிமீட்டர் வித்தியாசம் இருக்கும். பல வருடம் இப்படி நடந்தவருக்குக் கெண்டைக்கால் தசையும், அதைக் குதியோடு இணைக்கும் அக்கிலீஸ் தசைநாணும் கொஞ்சம் சுருங்கிய நிலையிலேயே வேலை செய்து பழகியிருக்கும். திடீரென்று குதியைத் தரைக்கு இறக்கினால், ஒவ்வோர் அடியிலும் அவை கூடுதலாக இழுபடும். இதுவரை மெத்தை வாங்கிய அதிர்ச்சியைப் பாதத்தின் எலும்பும் சிறு தசைகளும் வாங்க வேண்டிவரும்.

2013-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதை எம்.ஆர்.ஐ. எடுத்தே காட்டியது. அனுபவமுள்ள 36 ஓட்டக்காரர்களில் ஒரு பிரிவினர் பத்து வாரத்தில் படிப்படியாக ஃபைவ்ஃபிங்கர்ஸுக்கு மாறினார்கள். அந்தப் பிரிவின் 19 பேரில் 10 பேருக்குப் பாத எலும்பின் மஜ்ஜையில் வீக்கம் கூடியிருந்தது. எலும்பு சுமை தாங்காமல் திணறுவதன் அறிகுறி அது. அப்படியே தொடர்ந்தால் மயிரிழை முறிவில் போய் முடியலாம். ஓடியவர்களின் கதை இது, நடந்தவர்களின் கதையல்ல என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். நடப்பதற்கு மட்டும் இத்தகைய ஷூ போட்டவர்களை எட்டு வாரம் கவனித்த 2019 ஆய்வு ஒன்றில், பாதத்துக்கென்று தனியாக உடற்பயிற்சி செய்தவர்களுக்கு நிகராக அவர்களுக்கும் பாதத் தசைகள் வலுப்பெற்றிருந்தன.

“நான் சின்ன வயசுல வெறுங்கால்ல வயக்காட்டுல ஓடினவன், எனக்கு எதுக்கு இதெல்லாம்?” என்பார் ஒருவர். வீட்டுக்குள் செருப்பில்லாமல் நடக்கும் பழக்கம் நமக்கு உண்டு. அது ஒரு நல்ல தொடக்கம்தான். ஆனால் வயல் மண் வேறு, கான்கிரீட்டும் டைல்ஸும் வேறு. அன்றைய உடம்பின் எடையும் வேறு. முதல் வாரம் தினம் அரை மணி நேரம் போதும். ஆபீசுக்குப் போட்டுப்போனால் பையில் பழைய ஷூவையும் எடுத்துப்போங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை. வாரா வாரம் கொஞ்சம் கூட்டுங்கள். முழுதாக மாறச் சிலருக்கு இரண்டு மூன்று மாதம் ஆகும், சிலருக்கு அதற்கும் மேல்.

கெண்டைக்கால் வலித்தால் பயப்பட வேண்டாம், மாடிப்படி நிறைய ஏறிய மறுநாள் மாதிரி இருக்கும். பாதத்தின் மேற்புறத்தில், விரல் வைத்துக் காட்டும்படி ஒரே புள்ளியில் வலித்தால் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். காலையில் எழுந்து முதல் அடி வைக்கும்போது குதி குத்தினாலும் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

நடையும் மாற வேண்டும். தடிமனான குதியோடு பழகியவர் எட்டி வைத்து, குதியால் தரையை இடிப்பார். மெத்தை இருந்தவரை அது தெரியவில்லை. இப்போது அடி மண்டைவரை கேட்கும். அடியைக் குறுக்கி, உடம்புக்கு நேர் கீழே காலை வைத்து, சத்தமில்லாமல் நடந்து பாருங்கள். நடக்கும்போது குதி முதலில் படலாம், அதில் தப்பில்லை. தரையை இடிக்காமல் இருந்தால் சரி.

வலித்ததும் பலர் அவசரமாகச் செய்யும் வேலை, கடையில் கிடைக்கும் ஜெல் இன்சோலையோ குதி மெத்தையையோ வாங்கி உள்ளே சொருகுவது. ஸீரோ டிராப் அத்தோடு போச்சு, விரல்களுக்கான உயரமும் போச்சு. அதற்குப் பழைய ஷூவையே போட்டிருக்கலாமே! சாக்ஸையும் யாரும் யோசிப்பதில்லை. நுனி குறுகிய, இறுக்கமான நைலான் சாக்ஸ் போட்டால், அகலமான ஷூவுக்குள்ளும் விரல்கள் கட்டுண்டுதான் கிடக்கும்.

மருந்து என்று நினைப்பது

பேர்ஃபுட் ஷூ பாதக் கோளாறுகளைச் சரிசெய்துவிடும் என்று நம்பி வாங்குவதும் ஒரு தவறு. விப்ரம் நிறுவனமே இதில் சிக்கியது. தசையை வலுவாக்கும், காயத்தைக் குறைக்கும் என்று போதிய ஆதாரமின்றி விளம்பரம் செய்ததாக அமெரிக்காவில் வழக்கு வந்தது. 2014-ல், தவறை ஒப்புக்கொள்ளாமலேயே, 37.5 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசத்துக்கு வந்தது. மணிப்பால் மருத்துவர்கள் 2,300 குழந்தைகளின் பாதத் தடங்களைப் பார்த்து 1992-ல் வெளியிட்ட ஆய்வையும் இதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். ஷூ போட்ட பிள்ளைகளில் 8.6 சதவீதத்துக்குத் தட்டைப்பாதம், போடாதவர்களில் 2.8 சதவீதம். நல்ல ஆய்வு. ஆனால் அது வளரும் பிள்ளைகளின் பாதத்தைப் பற்றியது. நாற்பது வயதுத் தட்டைப்பாதத்தை ஒரு லோஃபர் நிமிர்த்திவிடும் என்று அதில் எங்கும் இல்லை.

நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் தயவுசெய்து இதைத் தாங்களாகவே வாங்க வேண்டாம். தரையை உணர்வதற்காகத்தான் மெல்லிய சோல். அந்த உணர்வே இல்லாதபோது ஒரு சிறு கல்கூடப் புண்ணாக்கிவிட்டுப் போகும், தெரியவே தெரியாது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் கால் புண்களைக் கவனித்துச் செய்த பணியின் தொடர்ச்சியாகத்தான், எம்.சி.ஆர். எனும் மென்மையான ரப்பர் செருப்பு நம் ஊரில் பரவியது. இன்று நீரிழிவு மருத்துவர்கள் எழுதிக் கொடுப்பதும் அதைத்தான். பேர்ஃபுட் ஷூவுக்கு அது நேர் எதிர்.

நம் ஊர்த் தரையும் கொஞ்சம் கணக்கில் வர வேண்டும். சீமைக்கருவேல முள் மெல்லிய சோலில் சர்வசாதாரணமாக ஏறும். சித்திரை வெயிலில் தார் ரோட்டின் சூடு உள்ளே வரும். பைக்கில் கியர் போடும் இடது கால் ஷூவின் மேல்தோல் சீக்கிரம் தேயும், கட்டைவிரலுக்கும் நோகும். கட்டட வேலை நடக்கும் இடத்துக்கு இதைப் போட்டுப் போகவே கூடாது.

தோற்றத்துக்காக ஒன்றே ஒன்று: கணுக்காலைப் பிடிக்கும் இறுக்கமான பேன்ட்டுக்குக் கீழே இந்த ஷூ படகு மாதிரி தெரியும். நேராக இறங்கி, ஷூவின் மேல் லேசாக விழும் பேன்ட் போட்டால் யார் கண்ணுக்கும் படாது.

கடைசியாக ரிப்பேர். என் முதல் ஜோடியின் குதி ஓரம் தேய்ந்ததும், தெருமுனையில் உட்காரும் தாத்தாவிடம் ஓரத் தையலுக்குக் கொடுத்தேன். ஓரத்தை மட்டும் தைக்கச் சொன்னதாக எனக்கு ஞாபகம். சாயங்காலம் போனால் ஷூ பளபளவென்று பாலிஷ் போட்டு உட்கார்ந்திருக்கிறது, குதியில் அரை அங்குல ரப்பரும் அதன்மேல் லாடமும். “அடியில ஒண்ணுமே இல்ல சார், எவனோ உங்கள நல்லா ஏமாத்திட்டான்” என்றார். “அது அப்படித்தான் தாத்தா இருக்கணும்” என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்திலிருந்த பெருமையைப் பார்த்ததும், கேட்ட எண்பது ரூபாயைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.