“நல்ல புத்தகமா ஒண்ணு சொல்லுங்க” என்று கேட்டால் என்ன செய்வது? முதல்முறை பரிந்துரைப்பவர்களுக்கு ஒரு செய்முறை

யாராவது இப்படிக் கேட்டதும் நமக்கு மிகவும் பிடித்த நூலின் பெயர்தான் முதலில் வாய்க்கு வரும். பரிந்துரைகள் பெரும்பாலும் அந்த இடத்திலேயே கெட்டுப்போகின்றன. நாம் சொன்னது நம்முடைய புத்தகம். கேட்டவருக்கு வேண்டியது அவருடைய புத்தகம். சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்துத் தந்த ஐந்து நூலக விதிகளில் இரண்டாவது “ஒவ்வொரு வாசகருக்கும் அவருடைய நூல்”, மூன்றாவது “ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர்”. கீழே வரும் படிகள் எல்லாம் இந்த இரண்டையும் ஒரு நண்பர் வட்டத்துக்குள் செய்து பார்க்கும் வழிகள்தாம்.

தேவையானவை: 100 பக்க நோட்டு ஒன்று, பென்சில் ஒன்று, நீங்கள் முழுதாகப் படித்து முடித்த 12 நூல்கள்.

படி 1: கையிருப்பைத் தயார் செய்யுங்கள்

யாரும் கேட்பதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். கேட்ட பிறகு யோசித்தால் கடைசியாகப் படித்த நூல் மட்டுமே நினைவுக்கு வரும்.

நோட்டில் ஒரு நூலுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மேலே தலைப்பு, ஆசிரியர், மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்ப்பாளர் பெயர், பதிப்பகம், பதிப்பு ஆண்டு, பக்க எண்ணிக்கை, விலை. கீழே மூன்று வரிகள்: ஒன்று, கதை எங்கே யாரிடையே நடக்கிறது; இரண்டு, எந்த வேகத்தில் நகர்கிறது; மூன்று, வாசகர் எந்த இடத்தில் இடறக்கூடும். மூன்றாவது வரியைப் பலரும் எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். பின்னால் அதிகம் பயன்படப்போவது அதுதான். “முதல் 40 பக்கம் பெயர்களாகவே வரும், பிறகு தெளிந்துவிடும்” என்று ஒரு வரி சொல்லி அனுப்பினால், 35ஆம் பக்கத்தில் மூடி வைக்க இருந்தவர் இன்னும் பத்துப் பக்கம் பொறுப்பார்.

12 நூல்களும் ஒரே வகையாக இருக்கக்கூடாது. தொடங்குகிறவர்களுக்கு ஒரு கணக்கு: சிறுகதைத் தொகுப்பு 3, 200 பக்கத்துக்குள் அடங்கும் நாவல் 3, பெரிய நாவல் 2, தன்வரலாறு அல்லது பயண நூல் 2, மொழிபெயர்ப்பு 1, கட்டுரை நூல் 1. கல்லூரிக் காலத்தில் படித்து உருகிய நூல் ஒன்று இதில் இருந்தால், அதை எடுத்து நடுவிலிருந்து 30 பக்கம் மறுபடி படித்துப் பாருங்கள். அந்தப் பிடிப்பு நூலுடையதா, அந்த வயதினுடையதா என்பது அப்போது தெரிந்துவிடும்.

படி 2: பதில் சொல்வதற்கு முன் நான்கு கேள்விகள்

முதல் கேள்வி: “கடைசியா முழுசாப் படிச்சு முடிச்சது எது?” ‘பிடித்த புத்தகம் எது’ என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் கௌரவமான பெயர்கள்தான் பதிலாக வரும். உண்மையில் கடைசிப் பக்கம்வரை அவரை இழுத்துச் சென்றது துப்பறியும் கதையாக இருக்கலாம், சமையல் குறிப்பாக இருக்கலாம், வார இதழ்த் தொடராக இருக்கலாம். உங்களுக்குத் தேவை அந்தத் தகவல்.

இரண்டாவது: “பாதியில வச்சது எது? எந்த இடத்துல வச்சீங்க?” நான்கில் இதுதான் அதிகம் சொல்லும். வட்டார வழக்கு புரியாமல் வைத்தாரா, பாத்திரங்கள் கூடிப்போனதாலா, எழுத்து பொடியாக இருந்ததாலா? மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. எழுத்து பொடியாக இருந்ததால் விட்டவருக்கு வேறு ஆசிரியரைத் தேட வேண்டியதில்லை. வேறு பதிப்பைத் தேடினால் போதும்.

மூன்றாவது: “எப்ப படிப்பீங்க?” பேருந்தில் 20 நிமிடம் கிடைக்கிறவருக்குச் சிறுகதை பொருந்தும். இரவு பிள்ளைகள் தூங்கிய பிறகு அரைமணி நேரம் கிடைக்கிறவருக்குச் சின்ன அத்தியாயங்களாக உள்ள நாவல் பொருந்தும். நாளுக்கு 20 பக்கம் என்றால் 160 பக்க நூல் எட்டு நாளில் முடியும். 800 பக்க நூலுக்கு 40 நாள். படிக்கும் பழக்கம் விட்டுப்போனவரால் 40 நாள் தாக்குப்பிடிக்க முடியாது.

நான்காவது கேள்வியை மென்மையாகக் கேட்க வேண்டும்: “இப்ப கொஞ்சம் கனமான விஷயம் படிக்கலாமா, வேண்டாமா?” வீட்டில் நோயோ இழப்போ இருக்கிறவருக்கு, விவரம் சொல்லாமல் மரணத்தைப் பற்றிய நாவலைக் கொடுத்துவிடக் கூடாது. அதற்காக அத்தகைய நூலே கூடாது என்று நீங்களாக முடிவு செய்துவிடவும் வேண்டாம். சிலருக்கு அப்போது அதுதான் துணையாக இருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டு, தேர்வை அவரிடம் விடுங்கள்.

இதுவரை எதுவுமே படிக்காதவர் என்றால், விரும்பிப் பார்க்கும் படம், தொடர் எது என்று கேளுங்கள். குடும்பக் கதையா, ஊர்க் கதையா, புதிர்க் கதையா என்ற திசை கிடைத்துவிடும்.

படி 3: மூன்று நூல்கள், அதற்கு மேல் வேண்டாம்

ஒன்றே ஒன்று சொன்னால் அது கட்டளை போல ஆகிவிடும். 30 தலைப்புகள் கொண்ட பட்டியல் அனுப்பினால் ஒன்றையும் தொடமாட்டார்கள். மூன்று சொல்லுங்கள்: அவர் ஏற்கெனவே முடித்ததற்குப் பக்கத்தில் இருப்பது ஒன்று, ஓரடி தள்ளி இருப்பது ஒன்று, மூன்று நாள் மாலையில் முடிந்துவிடக்கூடிய சிறியது ஒன்று.

அடிக்கடி வரும் ஒரு சூழலை எடுத்துக்கொள்வோம். பொன்னியின் செல்வனை முடித்துவிட்டு “அடுத்து என்ன?” என்று ஒருவர் கேட்கிறார். உடனே இன்னொரு சரித்திர நாவலைச் சொல்வதுதான் வழக்கம். அவரை இழுத்தது எது என்று முதலில் கேளுங்கள். அரசர்களும் போரும் என்றால் சரித்திர நாவல் சரி. கல்கியின் சிவகாமியின் சபதம் பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு நிலத்துக்கு மனிதர்கள் எப்படி வந்து சேர்ந்தார்கள் என்ற பழைய கதைதான் பிடித்தது என்றால், கி. ராஜநாராயணனின் கோபல்ல கிராமம் ஓரடி தள்ளி நிற்கிறது. தெலுங்கு தேசத்திலிருந்து புறப்பட்டு வந்து கரிசல் பூமியில் காடு திருத்திக் குடியேறியவர்களின் கதை. அதில் அரியணைச் சண்டை கிடையாது, ஊர்தான் நாயகன். மூன்றாவதாக, சிறிய நூலுக்கு அசோகமித்திரனின் தண்ணீர்.

தொடர்ச்சியாக எழுதப்பட்ட நூல்களில் வரிசையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். 1991இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது கோபல்லபுரத்து மக்கள். விருது பெற்றதாயிற்றே என்று அதை முதலில் கொடுத்துவிடுகிறார்கள். அது கோபல்ல கிராமத்தின் தொடர்ச்சி. முதல் நூலைப் படிக்காதவருக்கு ஊரின் வேர் பிடிபடாது.

வட்டார வழக்கில் தடுமாறுபவருக்கு ஒரு எளிய வழி உண்டு: முதல் பத்துப் பக்கத்தை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். கண்ணுக்கு அந்நியமாகத் தெரியும் சொல் பலநேரம் காதுக்குப் பழக்கமானதாகவே இருக்கும்.

படி 4: குறிப்பு எழுதுதல்

தலைப்பை மட்டும் அனுப்பினால் அது அலைபேசியில் புதைந்துபோகும். ஒவ்வொரு நூலுக்கும் 50 முதல் 100 சொற்களில் ஒரு குறிப்பு எழுதுங்கள். அதில் நான்கு விஷயம் இருக்க வேண்டும்: கதையின் தொடக்கம், படிக்கும் அனுபவம் எப்படி இருக்கும், எச்சரிக்கை, இவருக்கு ஏன். மாதிரி ஒன்று:

“சென்னையில் ஒரு தெரு. குழாயில் தண்ணீர் வருவதில்லை. ஜமுனா, அவள் தங்கை சாயா, அக்கம்பக்கத்தில் ஒரு டீச்சரம்மா. குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைவதற்கு நடுவே இவர்கள் வாழ்க்கை எப்படி நகர்கிறது என்பதுதான் தண்ணீர். சின்ன நூல், இரண்டு மூன்று இரவில் முடிந்துவிடும். வாக்கியங்கள் எளிமையானவை, ஆசிரியர் எங்கேயும் குரலை உயர்த்துவதில்லை. பெரிய திருப்பங்கள் இருக்காது. அதை எதிர்பார்த்து உட்கார வேண்டாம். லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்ற நாட்களைப் பற்றி அன்றைக்குச் சொன்னீர்களே, அதனால் உங்களுக்கு இது.”

கடைசி வரிதான் இதைப் பரிந்துரை ஆக்குகிறது. அதை எடுத்துவிட்டால் பின்னட்டைக் குறிப்பு போல ஆகிவிடும்.

“கட்டாயம் படிக்க வேண்டிய நூல்”, “உலகத் தரம்”, “கீழே வைக்கவே முடியாது” போன்ற தொடர்களை அடித்துவிடுங்கள். எந்த நூலுக்கும் ஒட்டக்கூடிய சொல் எந்த நூலைப் பற்றியும் எதையும் சொல்வதில்லை. அதோடு, கீழே வைக்க முடிந்தவர் தன்னிடம்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொள்வார். ஏற்கெனவே படிக்கத் தயங்குகிறவரை அது இன்னும் தள்ளி வைக்கும்.

கதையை எவ்வளவு சொல்லலாம்? முதல் கால்பங்குக்குள் நடப்பதை மட்டும். 200 பக்க நூல் என்றால் 50ஆம் பக்கத்துக்குப் பின் நடப்பது எதுவும் குறிப்பில் வரக்கூடாது. பழைய, புகழ்பெற்ற நூல்களில் இந்தத் தவறு அதிகம் நடக்கிறது. எல்லாருக்கும் தெரிந்த கதைதானே என்று முடிவைப் போட்டு உடைத்துவிடுகிறார்கள். புதிதாகப் படிப்பவருக்கு அது இன்றைக்கு வந்த புத்தகம்.

படி 5: எந்தப் பதிப்பு?

இதைச் சொல்லாவிட்டால் மற்ற உழைப்பெல்லாம் கடையில் வீணாகும். கல்கியின் படைப்புகள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை என்பதால் பொன்னியின் செல்வனைப் பல பதிப்பகங்கள் வெளியிட்டிருக்கின்றன. வாங்கும்போது மூன்றைப் பாருங்கள்: ஐந்து பாகமும் முழுமையாக இருக்கிறதா அல்லது சுருக்கப் பதிப்பா, எழுத்தின் அளவு, கட்டுமானம். ஐந்து பாகத்தையும் ஒரே தொகுதியாகக் கட்டியது மலிவாகக் கிடைத்தாலும், கையில் பிடித்துப் படிக்கக் கனம். வயதானவர்களுக்குத் தனித்தனிப் பாகங்களே நல்லது.

மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்ப்பாளர் பெயரைக் கட்டாயம் சொல்லுங்கள். ஒரே நூலுக்கு இரண்டு மூன்று தமிழாக்கங்கள் இருக்கும். ஒன்று ஓடும், இன்னொன்று கல்லில் இடறும்.

இந்தியச் சட்டப்படி ஆசிரியர் வாழ்நாளில் வெளியான நூலுக்கு, அவர் மறைந்து 60 ஆண்டு முடியும்வரை பதிப்புரிமை உண்டு. 1948இல் மறைந்த புதுமைப்பித்தனின் கதைகளை மின்வடிவில் தாராளமாகப் பகிரலாம். தமிழ் நூல்களை மின்வடிவில் இலவசமாகத் தரும், 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டத்தின் இணையதளத்திலும் அவை கிடைக்கின்றன. இன்று எழுதிக்கொண்டிருப்பவரின் நூலை வருடி (ஸ்கேன் செய்து) எடுத்த கோப்பாகப் பகிராதீர்கள். தமிழில் ஒரு பதிப்புக்குச் சில நூறு பிரதிகள் அச்சிடப்படுவதே சாதாரணம். இருபது பேருக்குப் போன கோப்பு அதில் கண்ணுக்குத் தெரியும் பங்கைத் தின்றுவிடும்.

படி 6: இரவல் கொடுக்கும்போது

நோட்டின் கடைசிப் பக்கங்களில் கோடு போட்டு நூல், வாங்கியவர், கொடுத்த தேதி, திரும்பும் தேதி என நான்கு பத்தி போடுங்கள். 200 பக்கம்வரை 21 நாள், பெரியதுக்கு 45 நாள். தேதி சொல்லாமல் கொடுத்தால் திருப்பிக் கேட்க நமக்குக் கூச்சம், கொடுக்காமல் இருப்பதில் அவருக்குக் கூச்சம். அந்தக் கூச்சத்தில் நட்பும் ஒதுங்கிவிடும். பக்க அடையாளத்துக்கு ஒரு அட்டையும் சேர்த்துக் கொடுத்தால் ஓரம் மடிவது குறையும். கையெழுத்திட்ட பிரதி, மறுபதிப்பு வராத நூல் இரண்டையும் இரவல் கொடுக்காதீர்கள்.

படி 7: வட்டமாகச் சேர்ந்தால்

எட்டுப் பேர், மாதம் ஒரு ஞாயிறு, ஆளுக்கு ஒரு நூல். பேச 5 நிமிடம், கேள்விக்கு 3 நிமிடம். மொத்தம் 64 நிமிடம். நேரம் பார்க்க ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் முதல் ஆள் 25 நிமிடம் பேசிவிடுவார், கடைசி இருவருக்கு நேரமே இருக்காது. அடுத்த மாதம் அந்த இருவரும் வரமாட்டார்கள். நூலை நேரில் கொண்டுவரச் சொல்லுங்கள், கையில் வாங்கிப் புரட்டிப் பார்ப்பது பேச்சைவிட அதிகம் சாதிக்கும். ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த ஒரு பத்தியை வாசித்துக்காட்டட்டும். இடம் மொட்டை மாடியாக இருக்கலாம், பூங்காவாக இருக்கலாம். உங்கள் கிளை நூலகத்தில் வாசகர் வட்டம் இருக்கிறதா என்று நூலகரிடம் விசாரித்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

படி 8: திரும்பி வந்ததும்

“பிடிச்சுதா?” என்று கேட்டால் “ம், நல்லாருந்துச்சு” என்பார்கள். அதில் ஒன்றும் இல்லை. “எந்த இடம் ஞாபகம் இருக்கு?” என்று கேளுங்கள். முடிக்கவில்லை என்றால் முகம் மாறாமல் “எந்தப் பக்கத்துல விட்டீங்க?” என்று கேட்டு, அந்த எண்ணை நோட்டில் அந்த நூலின் பக்கத்தில் பென்சிலால் குறித்து வையுங்கள். மூன்று பேர் ஏறக்குறைய ஒரே இடத்தில் விட்டிருந்தால், இடறும் இடம் பற்றி நீங்கள் எழுதிய வரியைத் திருத்த வேண்டும். முதல் அத்தியாயத்திலேயே விட்டவருக்கு அந்த ஆசிரியரின் ஒரு சிறுகதையை அடுத்த முறை கொடுத்துப் பாருங்கள். அதுவும் ஒட்டவில்லை என்றால் ஆசிரியரை மாற்றுங்கள்.