பழைய பஸ் ஸ்டாண்ட் போட்டோவுக்கும் கடற்கரை போட்டோவுக்கும் வருடம் கண்டுபிடிப்பது எப்படி

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து வீடுகளின் பழைய ஆல்பங்களில் இரண்டு வகைப் படங்களைப் பார்க்கலாம். ஒன்று, பஸ் பக்கத்தில் மூட்டை முடிச்சோடு நிற்கும் கூட்டம். இன்னொன்று, மெரினாவிலோ கன்னியாகுமரியிலோ அலையில் கால் நனைத்தபடி நிற்கும் அதே கூட்டம். கடல் இல்லாத மாவட்டம், போட்டோ எடுக்காமல் யார் திரும்புவார்கள்? பின்பக்கம் தேதி எழுதி வைத்தவர்கள்தான் குறைவு.

வருடம் வேண்டுமென்றால் முதலில் பெரியவர்களிடம் போகாதீர்கள். தாத்தா "எண்பத்திரெண்டுல போனோம்" என்று சொல்லிவிட்டால், அதற்கு ஒத்துவருவது மட்டும்தான் பிறகு உங்கள் கண்ணில் படும். முதலில் படத்தைப் படியுங்கள். தேடுவது ஒரே வருடத்தை அல்ல, இரண்டு எல்லைகளை: இதற்கு முன் எடுத்திருக்க முடியாது (கீழ் எல்லை), இதற்குப் பின் எடுத்திருக்க முடியாது (மேல் எல்லை).

ஸ்கேன் செய்து பெரிதாக்கினால்தான் பின்னணி தெரியும். அஞ்சல் அட்டை அளவுப் படத்துக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற ஸ்கேனர் அளவு) போதும். பழைய பாக்ஸ் கேமராக்களின் சின்னச் சதுரப் படத்துக்கு 1200 வையுங்கள். ஒட்டும் பக்கங்கள் உள்ள ஆல்பத்திலிருந்து படத்தைப் பிய்த்தால் முனை மடங்கி மேல்படலம் உரியும். ஒரு நூலைப் படத்துக்கு அடியில் கொடுத்து, ரம்பம் இழுப்பதுபோல் மெல்ல இழுங்கள். அதற்கும் வராவிட்டால் பக்கத்தோடு ஸ்கேன் செய்யுங்கள். ஃப்ரேம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தைத் தொடவே வேண்டாம். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து வைத்து, கண்ணாடிக்கு மேலேயே போட்டோ எடுங்கள்.

அடுத்து, படம் இடவலம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். நெகட்டிவைத் திருப்பிப் போட்டுப் பிரிண்ட் எடுத்த படங்கள் உண்டு. சட்டைப் பை வலப்பக்கம் வந்தாலோ, எல்லாப் பெண்களுக்கும் முந்தானை வலது தோளில் இருந்தாலோ கம்ப்யூட்டரில் திருப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் எந்தக் கட்டடம் எந்தப் பக்கம் என்ற கணக்கெல்லாம் தப்பிவிடும். அலை நடுவே படகில் உட்கார்ந்த மாதிரி படம் இருந்தால் தரையையும் பாருங்கள். திரைச்சீலைக் கடல் வைத்திருந்த ஸ்டுடியோக்கள் நம் ஊரிலேயே இருந்தன.

பஸ்தான் நல்ல சாட்சி. பக்கவாட்டில் "அண்ணா போக்குவரத்துக் கழகம்" என்றிருந்தால் 1973-க்கு முன் இல்லை. சேலத்தைத் தலைமையாகக் கொண்ட அந்தக் கழகம் தொடங்கியது அப்போதுதான். தர்மபுரிக்கென்று "அன்னை சத்யா" கழகம் 1987-இல் பிரிந்தது. 1997-இல் தலைவர்கள் பெயர்களை எல்லாக் கழகங்களிலிருந்தும் எடுத்துவிட்டார்கள். ஆகவே "அன்னை சத்யா" என்று படிக்க முடிந்தால் சுமார் பத்து வருடத்துக்குள் படம் அடங்கிவிடும். எல்லா வண்டிக்கும் ஒரே நாளில் பெயின்ட் அடித்திருக்க மாட்டார்கள், மேல் எல்லைக்கு ஒன்றிரண்டு வருடம் கூட்டிக்கொள்ளுங்கள். "திருவள்ளுவர்" என்ற எக்ஸ்பிரஸ் பஸ்ஸுக்கும் இதே மேல் எல்லைதான்.

தனியார் பஸ் என்றால் நம்பர் பிளேட். "டிஎன் 29" போன்ற வரிசை 1989-இல் வந்தது. அதற்கு முன் மூன்று ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும். அதில் முதல் எழுத்து "எம்" என்றால் பெரும்பாலும் சென்னை மாநிலக் காலத்து வரிசை. தமிழ்நாடு என்று பெயர் மாறியது 1969 ஜனவரியில். ஆனால் பிளேட் சொல்வது வண்டி பதிவான காலத்தை. அதே வண்டி பத்துப் பதினைந்து வருடம் ஓடியிருக்கலாம், எனவே அதைக் கீழ் எல்லையாக மட்டும் வையுங்கள்.

ஊர்ப் பெயர்ப் பலகையில் எழுத்து வடிவத்தைக் கவனியுங்கள். கிருஷ்ணகிரியிலிருந்து பாண்டிச்சேரிக்கு ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் என்றுதான் வழி. அந்தப் பலகையில் "திருவண்ணாமலை" இருந்தால் அதிர்ஷ்டம்: எழுத்துச் சீர்திருத்தத்தில் மாறிய ணா, லை இரண்டுமே அதில் இருக்கின்றன. துதிக்கை போட்ட லை பழைய வடிவம், அரசு அதை மாற்றியது 1978-இல். ஆனாலும் கை பழகிய பெயின்டர்கள் பல வருடம் பழைய மாதிரியே எழுதினார்கள். புது வடிவமும் முழுச் சாட்சி ஆகாது. பெரியாரின் ஏடுகள் 1935-இலிருந்தே அதைப் பயன்படுத்தின, சுவரில் திராவிடர் கழகத் தட்டி இருந்தால் அதை வைத்து முடிவு கட்டாதீர்கள். சினிமா போஸ்டர் கீழ் எல்லை மட்டும் தரும். டூரிங் டாக்கீஸில் பழைய படம்தான் ஓடும்.

பள்ளிச் சுற்றுலா பேனரில் "மேல்நிலைப் பள்ளி" என்றிருந்தால் 1978-க்கு முன் இல்லை. பிளஸ் டூ வந்த வருடம் அது.

கடற்கரையில் கன்னியாகுமரி மிகச் சுலபம். விவேகானந்தர் பாறை மண்டபம் 1970-இல் திறந்தது. வள்ளுவர் சிலை திறப்பு 2000 ஜனவரி 1. சிலை சாரத்தோடு நின்றால் தொண்ணூறுகள். பாறைக்கும் சிலைக்கும் நடுவே கண்ணாடிப் பாலம் தெரிந்தால் அது பழைய படமே அல்ல, 2024 டிசம்பருக்குப் பிந்தையது. மெரினாவில் உழைப்பாளர் சிலை 1959, வள்ளுவர், ஔவையார் முதலான வரிசைச் சிலைகள் 1968, சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட இப்போதைய கலங்கரை விளக்கம் 1977. கண்ணகி சிலை 2001 டிசம்பரில் எடுக்கப்பட்டு 2006-இல் திரும்பி வந்தது. ராமேஸ்வரத்தில் சுற்றுலா பஸ் முன்னால் நிற்கும் படம் 1988 அக்டோபருக்குப் பிந்தையது. பாம்பன் சாலைப் பாலம் திறக்கும் வரை ரயிலில்தான் தீவுக்குப் போக முடியும்.

இங்கே தப்பு நடப்பது ஒரே இடத்தில்தான். படத்தில் ஒன்று இருந்தால் அது சாட்சி. இல்லாவிட்டால் சாட்சி அல்ல. கேமராவைக் கிழக்கே திருப்பியவர் படத்தில் மேற்கே உள்ள சிலை எப்படி விழும்? முதலில் எங்கிருந்து எடுத்தது என்று நிச்சயம் செய்யுங்கள். கிருஷ்ணகிரிப் படங்களுக்குச் சையத் பாஷா மலையின் விளிம்பு கைகொடுக்கும். இன்று அதே இடத்தில் நின்று பார்த்து மலை விளிம்பை ஒப்பிடலாம்.

பின்பக்கத்தில் ஸ்டுடியோ முத்திரையில் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிறகு. ஆல்பத்தில் செருகிய டிக்கெட்டில் "ந.பை." என்றிருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடைப்பட்ட நயா பைசாக் காலம். படத்தின் மூலையில் ஆரஞ்சு நிறத்தில் அச்சான தேதியை அப்படியே நம்பாதீர்கள். பேட்டரி மாற்றியபின் தேதி வைக்காத கேமராக்கள் ஏராளம்.

இப்போது பெரியவர்களிடம் போகலாம். "எந்த வருஷம்?" என்று கேட்காதீர்கள். "எம்.ஜி.ஆர். சாவுக்கு முன்னயா, பின்னயா?", "மொரப்பூர் போய் ரயில் ஏறுனீங்களா, இங்கிருந்தே பஸ்ஸா?", "மடியில இருக்கற குழந்தை யாரு, அப்போ நடக்குமா?" என்று கேளுங்கள். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தை இருந்தால் ஒரு வருடம் முன்பின்னாகக் கணக்கு வந்துவிடும். பிறந்த தேதிக்குப் பள்ளிச் சான்றிதழை மட்டும் நம்ப வேண்டாம். பள்ளியில் சேர்ப்பதற்காக ஜூன் மாதத்தில் பிறந்ததாக எழுதிய பிள்ளைகள் அந்தத் தலைமுறையில் நிறைய. பாட்டி சொல்வதும் படம் சொல்வதும் முட்டினால் வாதாடாதீர்கள். "அதுக்கு முன்னாடியும் ஒருக்கா போயிருந்தீங்களா?" என்று கேளுங்கள். இரண்டு பயணங்கள் ஒன்றாகக் கலந்திருப்பதே வழக்கம்.

கண்டதையும் கேட்டதையும் தனித்தனியாக எழுதுங்கள்: "படத்தில்: அன்னை சத்யா பஸ், 1987–97. அம்மா சொன்னது: தம்பி பிறந்த மறுவருடம்." பால்பாயின்ட் பேனாவால் பின்பக்கம் எழுதினால் முன்பக்கம் தடம் விழும். பழைய காகிதப் பிரிண்டில் 2பி பென்சிலால் ஓரமாக எழுதலாம். வழவழப்பான கலர் பிரிண்டில் பென்சில் பிடிக்காது, அதைக் காகித உறையில் போட்டு உறைமேல் எழுதுங்கள், எழுதி முடித்தபின் படத்தை உள்ளே வையுங்கள்.