சக்கர நாற்காலியைத் தேர்ந்தெடுப்பது எப்படி: எவரெஸ்ட் அண்ட் ஜென்னிங்ஸ் வரலாற்றின் துணையோடு

கடைகளில் இன்று பெரும்பாலும் கிடைக்கும், நடுவில் மடங்கும் எஃகுக் குழாய் சக்கர நாற்காலியின் வடிவம் 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸில் உருவானது. சுரங்கப் பொறியாளரான ஹெர்பர்ட் எவரெஸ்ட், சுரங்க விபத்தில் முதுகெலும்பு முறிந்து நடக்கும் திறனை இழந்தவர். அன்றைய கனத்த நாற்காலிகளைக் காரில் ஏற்ற முடியாததால், தம் நண்பரும் இயந்திரப் பொறியாளருமான ஹாரி ஜென்னிங்ஸுடன் சேர்ந்து, இருக்கைக்கு அடியில் இரண்டு குழாய்கள் பெருக்கல் குறிபோலக் குறுக்கிடும் சட்டத்தை வடிவமைத்தார். அதற்கு 1937இல் காப்புரிமை கிடைத்தது. எவரெஸ்ட் அண்ட் ஜென்னிங்ஸ் நிறுவனம் அதன்மேல்தான் எழுந்தது.

ஆகவே வாங்குபவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது, நாற்காலியை அடிக்கடி வண்டியில் ஏற்ற வேண்டியிருக்குமா என்பதுதான். ஏற்ற வேண்டுமானால் மடங்கும் வகை ஏற்றது. நாள் முழுவதும் தாமே உருட்டிச் செல்பவருக்கு மடங்காத சட்டமே நல்லது. மடங்கும் சட்டத்தின் மூட்டுகள் ஒவ்வொரு தள்ளலிலும் சற்று நெளிவதால் கையின் உழைப்பில் ஒரு பங்கு வீணாகிறது. காலப்போக்கில் அந்த மூட்டுகளே முதலில் ஆட்டம் காண்கின்றன.

அடுத்தது எடை. சந்தையில் எவரெஸ்ட் அண்ட் ஜென்னிங்ஸ் பெற்றிருந்த ஆதிக்கம் போட்டியை ஒடுக்குகிறது என்று கூறி, அமெரிக்க நீதித்துறை 1977இல் அதன்மீது வழக்குத் தொடுத்தது. அதற்குச் சில ஆண்டுகளில், ஹேங் கிளைடர் (ஒருவர் தொங்கியபடி இயந்திரமின்றிப் பறக்கும் இறக்கை) விபத்தில் கால்கள் செயலிழந்த மர்லின் ஹாமில்டன் என்ற கலிபோர்னியப் பெண், கிளைடர் கட்டும் தம் நண்பர்கள் இருவரைக் கொண்டு அலுமினியக் குழாய்களால் இலகுவான நாற்காலி ஒன்றைச் செய்துகொண்டார். ‘குவிக்கி’ என்ற பெயரில் விற்பனைக்கு வந்த அந்த நாற்காலி, பெரிய நிறுவனங்களையும் எடையைக் குறைக்க வைத்தது. எவரெஸ்டும் ஹாமில்டனும் தாமே நாற்காலியில் வாழ்ந்தவர்கள் என்பதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். எனவே, அமரப்போகிறவர் இல்லாமல், அவர் உட்கார்ந்து பார்க்காமல், நாற்காலியை வாங்கவே கூடாது.

அளவெடுக்க, அவரை உறுதியான, தட்டையான பலகையில் நிமிர்ந்து உட்கார வையுங்கள். இடுப்பின் மிக அகன்ற பகுதியின் அளவே இருக்கையின் அகலம். வளர்ந்துவிடுவார், பருத்துவிடுவார் என்று கூடுதல் அகலத்தில் வாங்கினால், உடல் ஒருபுறம் சரிவதோடு, சக்கரங்களை எட்டிப் பிடிக்கத் தோளும் வலிக்கும். புட்டத்தின் பின்விளிம்பிலிருந்து முழங்காலின் பின்பக்கம் வரை அளந்து, அதில் 3 முதல் 6 சென்டிமீட்டர் வரை குறைத்தால் இருக்கையின் ஆழம் கிடைக்கும். பாதப்பலகை மிக உயரமாக இருந்தால் தொடைகள் மேலெழும்பி, பாரம் முழுவதும் உட்காரும் எலும்புகளின்மேல் விழும். மிகத் தாழ்வாக இருந்தால் அவர் முன்னோக்கி வழுக்குவார்.

மெத்தை விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். மடங்கும் நாற்காலியின் துணி இருக்கை சில மாதங்களில் தொய்ந்துவிடும். உணர்ச்சியற்ற உடல் அதன்மேல் அமர்ந்திருந்தால், வலி தெரியாமலேயே அழுத்தப்புண் உருவாகும். நல்ல மெத்தை இருந்தாலும், அவ்வப்போது முன்னோக்கியோ பக்கவாட்டிலோ சாய்ந்து அழுத்தத்தை மாற்ற வேண்டும். தோல் சிவந்திருக்கிறதா என்று நாள்தோறும் பார்க்க வேண்டும்.

பின்சக்கரத்தின் அச்சை இடம் மாற்ற முடியுமா என்றும் பாருங்கள். அச்சை முன்னால் நகர்த்தினால் உருட்டுவது எளிதாகும், ஆனால் நாற்காலி பின்புறம் சாயும் வாய்ப்பு கூடும். பழகும் வரையிலும், தொடைவரை கால் நீக்கப்பட்டவர்களுக்கும், அச்சு பின்னால் இருப்பதே பாதுகாப்பு. கைகளிலும் வலு குறைந்தவர்களுக்கு மின்விசை நாற்காலி தேவைப்படலாம். எவரெஸ்ட் அண்ட் ஜென்னிங்ஸ் 1950களிலேயே அத்தகையவற்றைத் தயாரித்தது.

வீட்டில் மிகக் குறுகலான கதவின் அகலத்தை அளந்துவிட்டுக் கடைக்குச் செல்லுங்கள். பெரும்பாலும் அது குளியலறைக் கதவாகத்தான் இருக்கும். நாற்காலியின் வெளிப்புற அகலத்துடன், கைவிரல்கள் உராயாதபடி இருபுறமும் இடம் வேண்டும். சாய்தளம் அமைப்பதானால், ஒரு அடி உயரத்துக்குக் குறைந்தது பன்னிரண்டு அடி நீளம் விடுங்கள்.

இறுதியாக உதிரிப்பாகங்களைப் பற்றி விசாரியுங்கள். எவரெஸ்ட் அண்ட் ஜென்னிங்ஸையே 1996இல் கிரஹாம்-ஃபீல்டு என்ற நிறுவனம் வாங்கியது. அதன் பெரும் போட்டியாளராக வளர்ந்த ஒஹையோவின் இன்வாகேர், சக்கர நாற்காலிகளோடு ஆக்சிஜன் கருவிகளும் வீட்டுக் கட்டில்களும் செய்த நிறுவனம். அதுவும் 2023இல் கடன் சுமையால் நீதிமன்றப் பாதுகாப்பை நாடியது. எனவே டயர், பேரிங், முன்சக்கரம் ஆகியவை பொது அளவில் உள்ளனவா, உங்கள் ஊர் சைக்கிள் கடையில் மாற்றித் தருவார்களா என்பதைப் பணம் கொடுக்கும் முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள்.