சலக்கல்லும் மூன்று கிழமை லீவும்: ஊரில் எந்தச் சிகிச்சை சரிவரும்?

"சிறுநீரகத்தில் கல் இருக்கிறது, இப்போதைக்கு அவசரமில்லை" என்று ரொரன்ரோவிலோ லண்டனிலோ கேட்டு வந்தவர்களில் பலர், ஊருக்குப் போகும்போது அதையும் முடித்துக்கொண்டு வந்துவிடலாம் என்று கணக்குப் போடுவார்கள். கொழும்பிலும் சென்னையிலும் எல்லா முறைகளும் உண்டு. இடறுவது நாட்கணக்கில்தான். கல்லின் பருமனைப் பார்ப்பதுபோலத் திரும்பும் ரிக்கெற்றின் திகதியையும் பார்த்தே சிகிச்சையைத் தெரிவுசெய்ய வேண்டும்.

புறப்படும் முன் சி.ரி. ஸ்கான் அறிக்கையையும் படங்களையும் கையில் எடுங்கள். கல் எத்தனை மி.மீ., எந்த இடத்தில் நிற்கிறது, எவ்வளவு அடர்த்தி (ஹவுன்ஸ்ஃபீல்ட் எண்) என்ற மூன்றும் அதில் வேண்டும். அல்ட்ராசவுண்ட் மட்டும் போதாது. சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் சிறுநீர்க்குழாயின் நடுவில் நிற்கும் கல்லை அது அடிக்கடி தவறவிடும். யூரிக் அமிலக் கல் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியவே தெரியாது.

5 மி.மீ.க்குக் குறைந்த கல் பெரும்பாலும் தானாகவே இறங்கிவிடும். ஆனால் நான்கு முதல் ஆறு கிழமை எடுக்கலாம், அதாவது உங்கள் லீவு முழுவதும். குழாயின் கீழ்ப்பகுதியில் 5 முதல் 10 மி.மீ. வரை உள்ள கல்லுக்கு இரவில் குழாயைத் தளர்த்தும் ரம்சுலோசின் குளிசை 0.4 மி.கி. எழுதித் தருவார்கள். படுக்கையிலிருந்து சட்டென எழும்பினால் தலை சுற்றும். ஊரில் கண்புரைச் சத்திரசிகிச்சையும் செய்யப் போகிறீர்கள் என்றால் இந்தக் குளிசையைப் பற்றிக் கண் வைத்தியரிடம் கட்டாயம் சொல்லுங்கள். அது கண்மணியைச் சுற்றியுள்ள கருவிழித் திரையைத் தளர்த்திச் சத்திரசிகிச்சையைச் சிக்கலாக்கும்.

வெட்டில்லை, பெரும்பாலும் அன்றே வீடு என்பதால் பலரும் முதலில் கேட்பது, உடம்புக்கு வெளியிலிருந்து அதிர்வலை பாய்ச்சிக் கல்லை உடைக்கும் அதிர்வலைச் சிகிச்சையை. குறுகிய பயணத்துக்கு அது அவ்வளவு உகந்ததல்ல. கல் உடைவது ஒரு நாள் வேலை. துகள்கள் வெளியேறுவது கிழமைக் கணக்கு. ஹவுன்ஸ்ஃபீல்ட் எண் 1000ஐத் தாண்டிய கல் ஒரு தடவையில் உடைவது அரிது. துகள்கள் குழாயில் வரிசையாகச் சிக்கினால், அந்த நோவு விமானத்திலும் தொடங்கலாம். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இது ஆகாது.

மூன்று கிழமைப் பயணத்தில் கணக்குக்குள் அடங்கக்கூடியது யூரெத்தரோஸ்கோப்பிதான். சிறுநீர் வரும் வழியால் மெல்லிய குழாயை ஏற்றி லேசரால் கல்லை உடைக்கும் முறை. பெரும்பாலும் ஒரு நாள் தங்கினால் போதும். முடிவில் டி.ஜே. ஸ்ரென்ற் என்ற மெல்லிய குழாயை உள்ளே விடுவது வழக்கம். அதை ஒன்று முதல் நான்கு கிழமைக்குள் கழற்ற வேண்டும். ஆகவே வந்து இறங்கிய முதல் கிழமையிலேயே சிகிச்சை, புறப்படுவதற்குச் சில நாள் முன் கழற்றல் என்று இரண்டு திகதியையும் ஒன்றாகக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்ரென்ற் இருக்கும்வரை அடிக்கடி சலம் போகும், முதுகுப்பக்கம் குத்தும், சலம் சிவக்கும், இவை எதிர்பார்த்தவைதான். அதை மறந்துவிட்டு விமானம் ஏறுவதுதான் ஆபத்து. நோவு பழகிப்போனதும் நினைவும் போய்விடும். மாதங்கள் கடந்தால் ஸ்ரென்றின் மேலேயே கல் படிந்து, சில நிமிட வேலை பெரிய சத்திரசிகிச்சையாக மாறும். எந்தப் பக்கம், எந்தத் திகதியில் வைத்தது என்பதை டிஸ்சார்ஜ் அட்டையில் ஆங்கிலத்தில் எழுதி வாங்குங்கள்.

2 செ.மீ.க்கு மேற்பட்ட சிறுநீரகக் கல்லுக்கு முதுகில் சிறு துளையிட்டு எடுக்கும் பி.சி.என்.எல். முறை உண்டு. இரண்டு மூன்று கிழமை கழித்தும் இரத்தம் கசியக்கூடும் என்பதால் குறுகிய லீவில் அதைத் தொடாதீர்கள்.

இவை திட்டமிட்டவர்களுக்கு. திடீரெனக் கல் குத்தினால் டைக்ளோபெனாக் ஊசியே வழக்கமான முதல் மருந்து. வயிற்றுப் புண், சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். நோவு நேரத்தில் செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்துக் கல்லைத் தள்ள முடியாது, நோவுதான் கூடும். நோவோடு காய்ச்சல், நடுக்கம் வந்தாலோ, சலம் போகாமல் நின்றாலோ, இருப்பது ஒற்றைச் சிறுநீரகம் என்றாலோ காத்திருக்க வேண்டாம். இலங்கையில் 1990ஐ அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். அடைப்பில் கிருமி சேர்ந்துவிட்டால் முதலில் சலத்துக்கு வழிவிடுவார்கள், கல்லைப் பிறகுதான் எடுப்பார்கள். "கல்லை எடுக்காமல் குழாயை மட்டும் வைத்துவிட்டார்கள்" என்று கோபப்பட வேண்டியதில்லை, சரியான முறை அதுவே.

நெருஞ்சி முள்ளும் வாழைத்தண்டும் வீட்டுக்கு வீடு சொல்லப்படும். சின்னக் கல் இறங்கும் நாட்களில் குடித்தாலும், 10 மி.மீ. கல்லை அவை கரைக்கும் என்று நம்பி நாள் கடத்தக் கூடாது. புளிச்சல் நட்சத்திரப்பழச் சாறு சிறுநீரகம் பழுதானவர்களுக்கு நஞ்சு. யாழ்ப்பாணத்துக் கிணற்றுச் சுண்ணாம்பைத் திட்டுகிறவர்கள், கொழும்பு பஸ்ஸில் மலசலகூடம் கிடைக்காதென்ற பயத்தில் இரவு முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் வருவதை மறந்துவிடுகிறார்கள். நாளுக்கு இரண்டரை லீற்றர் சலம் போக வேண்டும். அந்த வெயிலுக்கு மூன்று லீற்றருக்கு மேலாகவே குடிக்க வேண்டியிருக்கும்.

பயணக் காப்புறுதி, முன்பே தெரிந்த கல்லையும் திட்டமிட்ட சத்திரசிகிச்சையையும் பெரும்பாலும் ஏற்காது. அவசரமாகச் சேர்ந்தாலும் முதல் நாளே அவர்களுக்கு அறிவிக்க வேண்டும். சென்னைக்குத் திட்டமிட்டுப் போகிறவர்கள் மருத்துவ விசா எடுப்பது நல்லது.

கல் வெளியேறும் நாட்களில் தேத்தண்ணி வடியொன்றைத் தனியாக வாங்கி, சலத்தை அதில் வடியுங்கள். கிடைக்கும் துண்டைக் காயவைத்துச் சிறு போத்தலில் போட்டுத் திரும்பிப் போனதும் ஆய்வுக்குக் கொடுங்கள். யூரிக் அமிலக் கல் என்று தெரிந்தால், அடுத்ததைப் பொட்டாசியம் சிட்ரேற் மருந்தாலேயே கரைக்கலாம்.