வயலினில் ஜாரு: பஞ்சமத்திலிருந்து மேல் ஷட்ஜம் வரை

விரலை எடுக்காமல் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போவதுதான் ஜாரு. சுப்பராம தீட்சிதர் 1904-இல் வெளியான சங்கீத சம்பிரதாய பிரதர்சினி என்ற இசை நூலில் ஏற்ற ஜாருவுக்கு / என்றும் இறக்க ஜாருவுக்கு \ என்றும் குறி போட்டார். என்னிடம் கற்பவர்களின் நோட்டிலும் அதே கோடுதான்.

மத்திய ஷட்ஜத் தந்தியை, அதாவது நடு ஸ்தாயி ‘ஸ’வுக்குச் சுருதி சேர்த்த இரண்டாம் தந்தியை, எடுத்துக்கொள்ளுங்கள். முழு அளவு வயலினில் தந்தியின் ஓசை தரும் நீளம் ஏறக்குறைய 33 செ.மீ. வயலின் தலைப்பக்க நுனியிலிருந்து மூன்றில் ஒரு பங்கில், 11 செ.மீ. அளவில், பஞ்சமம் (ப). சரிபாதியில் மேல் ஷட்ஜம் (ஸ்). ஆக, ஆள்காட்டி விரல் போக வேண்டியது ஐந்தரை செ.மீ.தான்.

முதலில் பஞ்சமத்தைச் சரிபாருங்கள். பக்கத்துப் பஞ்சமத் தந்தியையும் சேர்த்து இழுத்தால் இரண்டும் ஒரே நாதமாகக் கேட்க வேண்டும். ஒலி ஏறி இறங்கி அலை அடித்தால் விரல் இடம் தப்பியிருக்கிறது.

இனி ஏற்றம். பஞ்சமத்தில் நன்றாக நின்று, அழுத்தத்தைக் கொஞ்சம் தளர்த்தி, ஒரே வில்லில் மேலே போங்கள். ரொம்பத் தளர்த்தினால் விசில் மாதிரி கீச்சென்று கேட்கும். தாளத் தட்டு விழும்போது ஷட்ஜத்தில் இருக்க வேண்டும், ஆனால் முன்கூட்டியே கிளம்பிவிடாதீர்கள். சீக்கிரம் கிளம்பினால் ஜாரு இழுவையாகிவிடும். பலர் தடுமாறுவது பாதிவழியில்: கழுத்து முடிந்து உடல் தொடங்கும் இடத்தில் கட்டைவிரல் முட்டிக்கொள்ளும், மற்ற விரல்கள் மட்டும் எட்டிப் பார்க்கும். கட்டைவிரலும் கூடவே நகர வேண்டும். சம்மணமிட்டு, வயலின் தலையை வலது பாதத்தில் ஊன்றியிருப்பதால் கருவியைத் தாங்கும் வேலை இடது கைக்கு இல்லை. அந்தச் சுதந்திரத்தைப் பயன்படுத்துங்கள். ஷட்ஜம் சரியாக விழுந்தால் கீழ் ஸ்தாயி ‘ஸ’வான மந்திர ஷட்ஜத் தந்தி தானாக அதிரும். அது பொய் சொல்லாது.

இறக்கத்தில் கட்டைவிரல் ஒரு கணம் முந்திக்கொள்ளட்டும். பழக சங்கராபரணம் நல்ல ராகம்; ஸ் \ ப அதற்கே உரிய அழகு. அதற்காக ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் வழுக்கினால் கேட்பவருக்குத் தலைசுற்றும்.

(பியானோவில் நகத்தால் கட்டைகளைத் தேய்க்கும் கிளிஸாண்டோவில் ஒவ்வொரு படியும் தனித்தனியாகக் கேட்கும். ஜாருவுக்கு நெருக்கமானது, இடைவெளியில்லாமல் வழுக்கும் மேற்கத்திய போர்ட்டமெண்டோ.)

விரல் ஒட்டினால் நுனியில் துளி தேங்காய் எண்ணெய் போதும். அது வில் படும் இடத்துக்குப் போனால் தந்தியை வில் பிடிக்காது. வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள்.