கிரவுன் மாற்றியதும் லாரி அதிர்கிறதா? ஹவுசிங்கைத் திறக்கும் முன் இதைப் பாருங்கள்

குவாரி லோடு ஏற்றத்தில் திணறுகிறது என்று எங்கள் பழைய லாரியில் 7/41 கிரவுன் பினியனை (பின் அச்சில் உள்ள பல்சக்கர ஜோடி; பினியனில் 7 பல், கிரவுனில் 41) எடுத்துவிட்டு 6/41 போட்டோம். இழுவை கூடியது. ஆனால் வேகம் 60 கிலோமீட்டரைத் தொட்டதும் சீட்டுக்கு அடியில் கிர்ரென்று ஓர் அதிர்வு. "கிரவுன் செட்டிங் தப்பு, மறுபடி இறக்கணும்" என்றார்கள். இறக்கவில்லை, நல்லவேளை.

முதலில் ஒரு கணக்கு. 41-ஐ 7-ஆல் வகுத்தால் 5.86, 6-ஆல் வகுத்தால் 6.83. சக்கரம் ஒரு சுற்று சுற்ற கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் ப்ரொப்பல்லர் ஷாப்ட் அத்தனை சுற்று சுற்றுகிறது. அதாவது இப்போது 60 கிலோமீட்டரில் ஷாப்ட் சுற்றும் வேகம், முன்பு 70-ல் சுற்றிய அதே வேகம். லோடு வண்டியை யார் 70-ல் ஓட்டினார்கள்? ஷாப்டில் ஏற்கெனவே பேலன்ஸ் கோளாறு இருந்திருந்தால் அது இப்போதுதான் வெளியே தெரியும். அதே 60-ல் ஷாப்ட் ஆறில் ஒரு பங்கு வேகமாகச் சுற்ற, பேலன்ஸ் இல்லாததன் உதைப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடும். புது கிரவுன்மேல் பழி போடும் முன் இதை நினைவில் வையுங்கள்.

சரி, படிப்படியாகப் போவோம்.

படி 1: அதிர்வு எங்கிருந்து? 10.00-20 டயர் வண்டி 60-ல் போகும்போது சக்கரம் நொடிக்கு ஏறக்குறைய 5 சுற்று, ஷாப்ட் 35 சுற்று. சக்கரக் கோளாறு என்றால் உடம்பு குலுங்கும். ஷாப்ட் என்றால் மரத்துப்போகிற மாதிரி கிர்ரென்று இருக்கும். டாப் கியர் நேர் கியராக (1:1) உள்ள வண்டியில் இன்ஜினும் ஷாப்டும் ஒரே வேகத்தில் சுற்றுவதால் குழப்பம் வரும். வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் அதே ஆர்பிஎம் வரை இன்ஜினை ஏற்றிப் பாருங்கள். அப்போதும் அதிர்ந்தால் இன்ஜின் மவுன்டிங், கிளட்ச் பக்கம் போங்கள். அதிர்வில்லாமல் 'ஊய்' என்ற இரைச்சல் மட்டும் வந்தால்தான் கிரவுன் செட்டிங்கைச் சந்தேகிக்க வேண்டும்.

படி 2: ஆக்சிலரேட்டரைக் கவனியுங்கள். மிதித்தாலும் விட்டாலும் ஒரே அதிர்வா? ஷாப்டின் பேலன்ஸ் அல்லது கோட்டம் (வளைவு). மிதிக்கும்போது மட்டுமா? ஷாப்டின் முனைகளில் உள்ள ஜாயின்ட்களின் கோணம். விடும்போது மட்டுமா? பினியன் நட்டு, பினியன் பேரிங்.

படி 3: அடியில் போகும் முன் முன்சக்கரங்களுக்குக் கட்டை, ஹவுசிங்குக்கு (பின் அச்சுக் கூடு) ஸ்டாண்டு. ஜாக்கியை நம்பிப் படுக்காதீர்கள். பின்பக்கம் ஒரு சக்கரத்தைத் தூக்கி, நியூட்ரலில் ஷாப்டைக் கையால் சுற்றுங்கள். கிராஸ் (ஜாயின்டின் நடுவே உள்ள சிலுவை) ஆடுகிறதா, ஷாப்டை நடுவில் தாங்கும் சென்டர் பேரிங் ரப்பர் கிழிந்திருக்கிறதா, பேலன்ஸுக்காக ஒட்டிய தகடு விழுந்த தடம் தெரிகிறதா?

இங்கேதான் நிதானம் வேண்டும். கிரவுன் மாற்ற ஷாப்டைக் கழற்றியிருப்பார்கள். அந்த நேரத்தில் ஸ்லிப் ஜாயின்ட் (ஷாப்டின் இரு பாதியும் ஒன்றுக்குள் ஒன்று சறுக்கும் பல் இணைப்பு) பிரிந்து வந்திருந்தால், திரும்பக் கோக்கும்போது ஒரு பல் தள்ளிப் போட்டாலே போதும், ஷாப்டின் இரு முனையிலும் கிராஸைப் பிடிக்கும் கவைகளான யோக்குகள் ஒரே நேரில் நிற்காது. இரண்டு பாதியிலும் அம்புக்குறி இருக்கும். கிரீஸைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். எங்கள் வண்டியில் அம்புகள் ஒன்றையொன்று பார்க்கவே இல்லை. கழற்றும் முன் ஒரு சாக்பீஸ் கோடு போட்டிருந்தால் தீர்ந்திருக்கும்.

படி 4: அம்பு சரியென்றால் கோட்டம் பாருங்கள். அதை அளக்கும் டயல் கேஜ் இல்லையா? ஒரு ஸ்டாண்டில் சாக்பீஸை அசையாமல் வைத்து, ஷாப்டை மெல்லச் சுற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் கோடு விழுந்தால் அந்தப் பக்கம் உயரம். பினியன் பிளாஞ்சின் (ஷாப்ட் போல்ட்டில் மாட்டும் வட்டத் தகடு) முகத்தில் துரு, பெயின்ட், சுத்தியல் அடித்த மேடு இருக்கும்; சுரண்டி எடுங்கள். பிறகு ஷாப்டைப் பிளாஞ்சில் அரைச்சுற்று திருப்பி மாட்டி ஓட்டிப் பாருங்கள். அதிர்வு கூடினாலும் குறைந்தாலும் கோளாறு பிளாஞ்சிலோ ஷாப்டிலோதான்.

படி 5: கோணம். லாரியில் ஹவுசிங் இறங்காமல் கிரவுன் கூடு மட்டும் வெளியே வருவதால் கோணம் மாறுவது அபூர்வம். ஹவுசிங்கை பட்டையோடு பிடிக்கும் யூ போல்ட்டைத் தளர்த்தியிருந்தால் மட்டும் அளந்து பாருங்கள். ஒற்றை ஷாப்ட் வண்டியில் கியர்பாக்ஸ் பிளாஞ்ச் 4 டிகிரி, ஷாப்ட் 7, பினியன் 4 என்றால் இரு ஜாயின்டிலும் 3; நல்லது. பினியன் 6 என்றால் பின்னால் 1 மட்டும்தான், அதிரும். பட்டைக்கும் ஹவுசிங்குக்கும் நடுவே உள்ள ஆப்புத் தகடு திரும்பி உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இத்தனைக்கும் பிறகு அதிர்ந்தால் ஷாப்டைப் பேலன்சிங் மெஷினுக்குக் கொண்டுபோங்கள், புது கிராஸ் போட்ட பிறகு. பழைய கிராஸோடு பேலன்ஸ் செய்வது காசுக்குக் கேடு.

எங்களுக்கு அது தேவைப்படவில்லை. அம்புகளை நேராக்கி மாட்டியதும் 60-ல் அதிர்வு போய்விட்டது. ஒரு லோடு இறக்கிவிட்டு வந்ததும் பிளாஞ்ச் நட்டுகளை மறுபடி முறுக்கினோம். நான்கில் ஒன்று கால் திருப்பு ஏறியது.