போலீஸ்காரருக்கு நன்றி சொல்ல நினைக்கிறீர்களா? இப்படிச் செய்யுங்கள்

ஒவ்வொரு வருடமும் அக்டோபர் 21 வந்தால் என் வாட்ஸ்அப்பில் சல்யூட் படங்களாக வந்து குவியும். 1959-ல் அதே நாளில் லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸ் பகுதியில் சீனப் படையினர் தாக்கியதில் மத்திய ரிசர்வ் போலீஸார் பத்துப் பேர் இறந்தார்கள், அதனால்தான் அது காவலர் வீரவணக்க நாள். நான் கடலூரில் போலீஸ் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள் என்பதால் அந்த வாரத்தில் தெரிந்தவர்கள் யாராவது என்னிடம் கேட்பார்கள், "நாங்களும் ஏதாவது செய்யணும்னு நினைக்கிறோம், என்ன பண்ணலாம்?" ஸ்வீட் பாக்ஸோடு ஸ்டேஷனுக்குப் போகலாமா, சால்வை போடலாமா என்று. அதெல்லாம் வேண்டாம். காசு செலவில்லாமல், அவர்களுக்கு உண்மையிலேயே உதவுகிற மாதிரி செய்ய நிறைய இருக்கிறது. எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன், வீட்டிலேயே போலீஸ்காரர் இருப்பவர்களுக்கும் சேர்த்து.

முதலில், எதற்கு நன்றி என்று தெரிந்துகொள்ளுங்கள்

திருடனைப் பிடிப்பதும் டிராஃபிக்கில் கை காட்டுவதும்தான் போலீஸ் வேலை என்று நினைத்தால் பாதிதான் தெரியும். மீதிப் பாதி, பிணங்களோடு இருப்பது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு விபத்து நடந்து ஒருவர் இறந்துவிட்டார் என்று வையுங்கள். அந்த உடலை ரோட்டிலிருந்து எடுப்பதிலிருந்து ஜி.எச்.சில் போஸ்ட்மார்ட்டம் முடிந்து உறவினர் கையில் ஒப்படைக்கிற வரை ஒரு காவலர் கூடவே இருக்க வேண்டும். அந்தக் குடும்பத்துக்குப் போன் செய்து சொல்வதும் பெரும்பாலும் அவர்தான். உடலோடு இருந்த பொருட்களை ஒவ்வொன்றாக எழுதவும் வேண்டும். என் அப்பா ஒருமுறை, ஒரே ஒருமுறைதான், இதைப் பற்றி அம்மாவிடம் பேசிக் கேட்டிருக்கிறேன். "பச்சை கலர் டிபன் பாக்ஸ் ஒண்ணுன்னு எழுதினேன். தொறந்து பாக்கணும்ல, தொறந்தேன். புளி சாதம், ஒரு வாய்கூட சாப்பிடல." அவ்வளவுதான் சொன்னார். அப்புறம் கைகழுவ எழுந்து போனார், ரொம்ப நேரம் குழாயடியிலேயே நின்றார்.

2004 டிசம்பர் 26 அன்று நான் எட்டாம் வகுப்பு. கடலூர் மாவட்டத்தில் மட்டும் சுனாமியில் 600 பேருக்கு மேல் இறந்தார்கள். அப்பா அப்போது ஏட்டு. காலையில் தேவனாம்பட்டினத்துக்குப் போனவர் நான்காம் நாள்தான் வீட்டுக்கு வந்தார். வாசலுக்கு வரவில்லை, பின்பக்கமாக வந்து துவைக்கிற கல்லில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார், உள்ளே இருந்து ஈர மணல் கொட்டியது. மூக்குக்குக் கீழே நீலகிரித் தைலம் தடவித் தடவித் தோல் உரிந்திருந்தது. தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு, என்னையும் தம்பியையும் கூப்பிட்டு இரண்டு பேர் தலையையும் தடவிப் பார்த்துவிட்டுப் படுத்தவர்தான். அதற்கப்புறம் இரண்டு வருடம் எங்கள் வீட்டில் மீன் வாங்கவில்லை. கடலூரில் மீன் வாங்காத வீடு எப்படி இருக்கும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாங்கள் யாரும் காரணம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இது என் அப்பாவுக்கு மட்டும் நடந்தது இல்லை. 2011 தானே புயல், 2015 வெள்ளம், 2024 ஃபெஞ்சல் புயல் என்று இந்தக் கடற்கரையில் வேலை பார்த்த ஒவ்வொருவரிடமும் இப்படி ஒன்றிரண்டு இருக்கும்.

ரோட்டில் பார்க்கும்போது

சித்திரை வெயிலில் சிக்னலில் நிற்பவருக்கு ஒரு பாட்டில் தண்ணீர், ஒரு டம்ளர் மோர் கொடுக்கலாம், சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள். அதைத் தாண்டிப் பணமோ பொருளோ வேண்டாம். நீங்கள் அன்பாகக் கொடுத்தாலும், தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு அது வேறு மாதிரி தெரியும், யாராவது மொபைலில் எடுத்துப் போட்டால் அவர் வேலைக்கே உலை.

நெஞ்சில் பெயர்ப் பட்டை இருக்கும். படித்துப் பெயர் சொல்லிப் பேசுங்கள். "சார், நேத்து மழையில நீங்கதான் இங்க நின்னீங்க, பாத்தேன்" என்று ஒரு வரி போதும். பொதுவாக "போலீஸுக்கு நன்றி" என்பதைவிட, தான் செய்ததை ஒருவர் பார்த்திருக்கிறார் என்பது அந்த மனிதரை எங்கேயோ தொடும்.

புதுச்சேரிக்கு வருபவர்களுக்குத் தனியாக ஒன்று. அங்கே காவலர்களின் சிவப்புத் தொப்பி பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து வருவது, பார்க்க அழகாகத்தான் இருக்கும். அதற்காகக் கடற்கரைச் சாலையில் டியூட்டியில் நிற்பவரைத் தோளில் கை போட்டு இழுத்து செல்ஃபி எடுக்காதீர்கள். கேளுங்கள், சரி என்றால் எடுங்கள். டிசம்பர் 31 இரவு காந்தி சிலை பக்கம் கூடுகிற கூட்டத்தில் நீங்களும் ஒருவர் என்றால், கலையச் சொன்னதும் கிளம்பிவிடுங்கள், கடலில் இறங்காதீர்கள் என்றால் இறங்காதீர்கள். ஒரு பையன் அலையில் போய்விட்டால், விடிய விடியக் கரையில் அவன் அம்மாவுக்குப் பதில் சொல்லிக்கொண்டு நிற்கப்போவது அந்தச் சிவப்புத் தொப்பிக்காரர்தான்.

ஒரு கடிதம் எழுதுங்கள்

இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றே ஒன்றைச் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள். உங்களுக்கு ஒரு காவலர் உதவியிருந்தால், மாவட்ட எஸ்.பி.க்கு ஒரு கடிதம் போடுங்கள். புதுச்சேரி என்றால் சீனியர் எஸ்.பி.க்கோ டி.ஜி.பி. அலுவலகத்துக்கோ அனுப்பலாம். புகழ்ச்சியெல்லாம் வேண்டாம். தேதி, நேரம், இடம், அவர் பெயர், எந்த ஸ்டேஷன், என்ன செய்தார், இவ்வளவு போதும். பெயர் தெரியாவிட்டால் இடமும் நேரமும் எழுதினாலே யார் டியூட்டியில் இருந்தது என்று அவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். தமிழ்நாடு காவல்துறையில் ஜி.எஸ்.இ. என்று ஒன்று உண்டு, நற்பணியைப் பாராட்டிப் பணிப்பதிவேட்டில் ஏறும் குறிப்பு. எல்லாக் கடிதத்துக்கும் அது கிடைத்துவிடாது. ஆனால் மேலதிகாரி மேசைக்குத் தினமும் புகார்தான் போகிறது, நடுவில் ஒரு நல்ல கடிதம் போனால் அதை அங்கே இருப்பவர்கள் மறக்க மாட்டார்கள்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. என் சித்தி கிருஷ்ணா நகரில் இருக்கிறார், முழங்கால் ஆபரேஷன் செய்தவர், வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். இரண்டு காவலர்கள் வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து அப்படியே தூக்கிக்கொண்டு தெருமுனை வரை போனார்கள். வழியெல்லாம் சித்தி மாத்திரை டப்பாவுக்காகப் புலம்ப, அதில் ஒரு பையன் திரும்பிப் போய் அதையும் எடுத்து வந்திருக்கிறான். சித்தி அதை அப்படியே, மாத்திரை டப்பா உட்பட, ஒரு பக்கத்தில் எழுதி அனுப்பினார். ரோல் காலில் எல்லோர் முன்னாலும் அதை வாசித்தார்களாம். அந்தப் பையன் அதை ஜெராக்ஸ் எடுத்து ஊரில் இருக்கும் தன் அம்மாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தான் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

இங்கே இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். நன்றி என்றால் தப்பைக் கண்டுகொள்ளாமல் இருப்பது கிடையாது. 1993-ல் கம்மாபுரம் காவல் நிலையத்தில் முதனை கிராமத்து ராசாக்கண்ணுவை அடித்தே கொன்றது நம் மாவட்டத்தில்தான். அதைச் செய்தவர்களும் காக்கிச் சட்டைதான் போட்டிருந்தார்கள். தப்பு நடந்தால் புகார் எழுதுங்கள், அதே கையால் நல்லது நடந்தால் அதையும் எழுதுங்கள். ஒழுங்காக வேலை பார்க்கிறவர்களுக்கு இந்த இரண்டுமே வேண்டும்.

வீட்டில் ஒரு காவலர் இருந்தால்

டியூட்டி முடித்து வந்ததும் "என்ன இவ்ளோ லேட்டு", "கேஸ் பில் கட்டலையா" என்று ஆரம்பிக்காதீர்கள். அரை மணி நேரம் விடுங்கள். குளிக்கட்டும், ஒரு டம்ளர் காபி, அவ்வளவுதான். பகல் முழுக்க கத்துகிற கூட்டத்துக்கு நடுவில் முகத்தில் எதையும் காட்டாமல் நின்றுவிட்டு வருபவருக்கு, வீட்டுக்கு வந்ததும் முகம் மாற நேரம் பிடிக்கும். "என்ன ஆச்சு, சொல்லுங்க" என்று துருவ வேண்டாம். "இன்னைக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சா?" என்று கேளுங்கள், ஆமாம் இல்லை என்று தலையாட்டினால்கூடப் போதும். பேசினால் கேளுங்கள், நடுவில் அறிவுரை சொல்லாதீர்கள். இதை என் அம்மா யாரிடமும் படித்துக் கற்றுக்கொள்ளவில்லை, பல வருடம் சண்டை போட்டுத்தான் கண்டுபிடித்தார்.

பண்டிகையைக் காலண்டரில் பார்க்காதீர்கள். எங்கள் வீட்டில் தீபாவளி என்றைக்கு அப்பா வருகிறாரோ அன்றைக்கு. ஒரு பெட்டி புஸ்வாணம் மட்டும் அம்மா பீரோவில் பூட்டி வைத்திருப்பார், சில வருடம் மூன்று நாள் கழித்துத்தான் கொளுத்துவோம், அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் எல்லாம் எங்கள் வாசலுக்கு ஓடி வரும். தமிழ்நாட்டில் 2021-ல் காவலர்களுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு என்று உத்தரவு வந்தது, பெரிய விஷயம்தான். ஆனாலும் பந்தோபஸ்து வந்துவிட்டால் முதலில் போவது அந்த நாள்தான், அதை நம்பி ரயில் டிக்கெட் எடுத்துவிட்டு அவரிடம் கோபப்பட வேண்டாம்.

நைட் ரவுண்ட்ஸ் முடித்துப் பகலில் தூங்கும்போது காலிங் பெல்லை அணைத்துவிடுங்கள், ஜன்னலுக்குக் கனமான துணி போடுங்கள். சின்ன விஷயமாகத் தெரியும். தூக்கம் கெட்டால் சுகர், பிரஷர், எரிச்சல் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரலாம்.

இதெல்லாம் போதாத நிலையும் வரும். குடி கூடிக்கொண்டே போவது, பிள்ளைகளிடம்கூடப் பேச்சை நிறுத்துவது, தூக்கத்தில் அலறி எழுவது, "நான் இல்லேன்னா நீங்க நல்லா இருப்பீங்க" என்கிற மாதிரிப் பேச்சு. கடைசியில் சொன்னதைக் கேட்டால் அதைப் புலம்பல் என்று தள்ளாதீர்கள், அன்றைக்கே நேராகக் கேளுங்கள், "சாகணும்னு தோணுதா?" என்று. கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. தனியாக விடாதீர்கள். துப்பாக்கி கையில் இருக்கும் டியூட்டி என்றால் அவர் நம்புகிற ஒரு அதிகாரியிடம் சொல்லி உடனே மாற்றச் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் பேசலாம், தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது. தமிழ்நாடு காவல்துறைக்குள்ளேயே, பெங்களூரு மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸ் உதவியோடு உருவான நிறைவாழ்வுப் பயிற்சி இருக்கிறது. ஸ்டேஷனில் தெரிந்துவிடுமே என்று தயங்கினால் சிவில் டிரஸ்ஸில் புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். வரிசையில் நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள்.

ஓய்வு பெற்றவர்களை மறந்துவிடாதீர்கள்

முப்பது வருடம் நடுராத்திரியில் அடித்த போன் ஒருநாள் அடிப்பதை நிறுத்திவிடும். அப்போதுதான் பழையதெல்லாம் மேலே வரும். உங்கள் தெருவில் ஓய்வு பெற்ற எஸ்.எஸ்.ஐ. (சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர்) ஒருவர் இருப்பார், சாயங்காலம் டீக்கடையில் உட்காரும்போது அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரிய கேஸ் கதை கேட்க வேண்டாம், எந்தெந்த ஊரில் வேலை பார்த்தீர்கள் என்று கேளுங்கள், மற்றது தானாக வரும்.

அப்பா இப்போது ஒவ்வொரு டிசம்பர் 26-ம் காலையில் தேவனாம்பட்டினம் போகிறார். முதல் சில வருடம் தனியாகப் போனார், அப்புறம் ஒருநாள் நானும் வண்டியில் பின்னால் ஏறிக்கொண்டேன், வேண்டாம் என்று சொல்லவில்லை. மணலில் ஓர் ஓரமாக உட்காருவோம். போன வருடம் திரும்பும்போது மீன் கூடை வைத்திருந்த அக்காவிடம் வண்டியை நிறுத்தி, "சங்கரா இருக்கா?" என்று கேட்டார்.